ஆடைக்கும் அரங்கம் அமைத்தவர்: ருக்மிணி தேவி அருண்டேல்

ஆள் பாதி, ஆடை பாதி என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. ஓர் ஆடை எப்படிப் பிறக்கிறது, அதன் கரையையும் நிறத்தையும் முடிவு செய்தவர் யார் என்பதையெல்லாம் நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ உள்ள சேலைக் கடைகளுக்குள் நுழைந்தால், அடுக்கடுக்காகச் சேலைகளை விரித்துப் போடுவார்கள். அவற்றுள் அகன்ற கரையும், உடலுக்கும் கரைக்கும் முற்றிலும் வேறான நிறமும், கரையிலிருந்து உடலுக்குள் கூர்கூராக ஏறும் கோபுர வடிவமும் கொண்ட ஒன்றை எடுத்துக் காட்டி, இது கலாக்ஷேத்ரா கரை என்று கடைக்காரர் சொல்லக்கூடும். கேட்பவர் தலையாட்டிவிட்டு விலையைக் கேட்பார். அந்தப் பெயர் ஓர் ஊரின் பெயரன்று. ஒரு நெசவாளர் குடும்பத்தின் பெயருமன்று. அது ஒரு கலைப்பள்ளியின் பெயர். அதற்குப் பின்னால் இருப்பவர் ஒரு பெண்மணி.

ருக்மிணி தேவி அருண்டேல் என்றவுடன் பரதநாட்டியம்தான் நம் நினைவுக்கு வரும். நடனத்திற்குப் புத்துயிர் தந்தவர் என்று மேடைதோறும் அவரைப் புகழ்கிறோம். ஆனால், அவர் ஆடையையும் துணியையும் வடிவமைத்தவர் என்பதும், தமக்கென ஒரு நெசவுக்கூடம் நடத்தி ஒரு தனி முத்திரையை உருவாக்கியவர் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இக்கட்டுரை அம்மையாரின் வாழ்க்கையை அந்தக் கோணத்திலிருந்து காண முற்படுகிறது.

மதுரையிலிருந்து அடையாறுக்கு

1904ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29ஆம் நாள் மதுரையில் ருக்மிணி பிறந்தார். தந்தை நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் பொறியாளர், வடமொழி அறிஞர். தாயார் சேஷம்மாள் இசையில் ஈடுபாடு கொண்டவர். பிரம்மஞான சபையின் கொள்கைகளில் பற்றுக் கொண்டிருந்த தந்தை, பணி ஓய்வுக்குப் பின்னர்ச் சென்னை அடையாறில், அச்சபையின் தலைமையகத்திற்கு அருகிலேயே குடும்பத்தைக் குடியேற்றினார். இந்த இடமாற்றமே சிறுமியின் வாழ்க்கைத் திசையை மாற்றியது எனலாம். பல நாட்டவரும் பல மதத்தவரும் வந்துபோகும் இடம் அது. அன்னி பெசன்ட் அம்மையார் அங்குத் தலைவராக இருந்தார்.

அங்குதான் ஜார்ஜ் சிட்னி அருண்டேல் என்ற ஆங்கிலேயரை ருக்மிணி சந்தித்தார். அவர் கல்வியாளர், அன்னி பெசன்ட்டுடன் நெருங்கிப் பணியாற்றியவர், ருக்மிணியைவிட 25 வயது மூத்தவர். 1920ஆம் ஆண்டு இருவரும் பம்பாயில் திருமணம் செய்துகொண்டனர். மணமகளுக்கு அப்போது வயது 16. ஆசாரமான பிராமணக் குடும்பத்துப் பெண் ஒரு வெள்ளைக்காரரை மணந்ததைச் சென்னைச் சமூகம் எளிதில் ஏற்கவில்லை. கடும் எதிர்ப்பு எழுந்தது. ஊரார் பேச்சுக்கு அஞ்சாமல் தாம் சரியென்று கருதியதைச் செய்யும் துணிவு, அந்த வயதிலேயே அவருக்கு வாய்த்திருந்தது. அந்தத் துணிவுக்குப் பின்னாளிலும் பலமுறை வேலை இருந்தது.

திருமணத்திற்குப் பின் கணவருடன் பல நாடுகளுக்குப் பயணம் செய்தார். 1925ஆம் ஆண்டு பிரம்மஞான இளைஞர்களின் உலகக் கூட்டமைப்பிற்குத் தலைவரானார். ஐரோப்பாவில் நாடகங்களையும் இசைநிகழ்ச்சிகளையும் ஓவியங்களையும் பார்த்தார். எதையும் உற்று நோக்கும் கண் அவருக்கு இப்பயணங்களில்தான் பழகியது. வடிவமைப்பாளருக்கு முதலில் வேண்டியது கையன்று, கண்தானே!

பாவ்லோவா காட்டிய வழி

அக்காலத்தில் உலகப் புகழ் பெற்றிருந்த பாலே நடனமணி ரஷ்யாவின் அன்னா பாவ்லோவா. 1928ஆம் ஆண்டு அவர் பம்பாய்க்கு வந்து ஆடியபோது அருண்டேல் தம்பதியர் அவரைச் சந்தித்தனர். பின்னர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற கப்பலிலும் அவர்களின் நட்பு தொடர்ந்தது. பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டி என்பவரிடம் ருக்மிணி தேவி பாலே கற்றுக்கொள்ளத் தொடங்கினார். ஆனால் பாவ்லோவா அவருக்கு வேறொரு வழியைக் காட்டினார். உன் சொந்த மண்ணின் கலையைத் தேடிப் பார் என்பதே அந்த அறிவுரையின் சாரம்.

அக்காலத்தில் ஐரோப்பாவில் நடனமும் ஆடை வடிவமைப்பும் கைகோத்துச் சென்றன என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தமாகும். 1910ஆம் ஆண்டு பாரிசில் ஒரு தொப்பிக் கடையுடன் தொழிலைத் தொடங்கிய கோகோ ஷனேல், 1924ஆம் ஆண்டு ரஷ்ய பாலே குழு ஒன்றின் நடன நாடகத்திற்கு உடை வடிவமைத்தார். மேடையில் ஆடுபவர் எதை உடுத்துகிறார் என்பதும் கலையின் ஒரு பகுதியே என்ற எண்ணம் அங்கே வலுத்திருந்தது. அத்தகைய உலகத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ருக்மிணி தேவி சென்னைக்குத் திரும்பினார்.

சதிர் என்னும் கலை

1933ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாடமியில் அவர் முதன்முதலாகச் சதிர் ஆட்டத்தைப் பார்த்தார். சதிர் என்பது கோயில்களிலும் அரசவைகளிலும் தேவதாசி மரபைச் சேர்ந்த பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த நடனம். அந்நாளில் அக்கலை பெரும் நெருக்கடியில் இருந்தது. தேவதாசி முறையை ஒழிக்க வேண்டுமென்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். முறை ஒழியட்டும், கலை வாழட்டும் என்று வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் வாதாடினார். மேல்தட்டுக் குடும்பத்துப் பெண்கள் அந்த ஆட்டத்தைப் பார்ப்பதற்கே தயங்கிய காலம் அது.

ருக்மிணி தேவி பார்த்ததோடு நிற்கவில்லை. கற்றுக்கொள்ள முடிவு செய்தார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பின்னர்ப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்றார். முப்பது வயதை நெருங்கியவர் தரையில் அரைமண்டியிட்டுத் தட்டடவிலிருந்து தொடங்குவது எவ்வளவு கடினம் என்பதை நாட்டியம் பயின்ற தோழியர் அறிவர்.

1935ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், பிரம்மஞான சபையின் வைரவிழாவின்போது அடையாறில் அவர் முதன்முறையாக மேடையேறினார். சமூகம் முகம் சுளித்தது. ஆனால், பார்த்தவர்கள் பலரும் மனம் மாறினர். அந்த மாற்றத்திற்கு நடனம் மட்டும் காரணமன்று. மேடையின் தோற்றமும் உடையும் பெரும் பங்கு வகித்தன.

உடையை மாற்றியவர்

அதற்கு முன்பு சதிர் ஆடிய பெண்கள், கால்சட்டையின் மேல் சேலையைச் சுற்றி, முன்புறம் விசிறிபோல் மடிப்பு விட்டு, சரிகை நிறைந்த இரவிக்கையும் கனமான நகைகளும் அணிந்து ஆடினர். ருக்மிணி தேவி அதைத் தம் கண்ணால் ஆராய்ந்தார். கோயில் சிற்பங்களையும் பழைய ஓவியங்களையும் துணைக்கு அழைத்தார். உடலின் கோடுகள் மறையாமலும், அதே வேளையில் ஆடுபவருக்கு இடையூறு இல்லாமலும் இருக்கும் உடை ஒன்றைத் தேடினார். அடையாறில் இருந்த, மேடை உடைகள் தைப்பதில் தேர்ந்த இத்தாலியப் பெண்மணி ஒருவர் அவருக்கு உதவினார். பட்டுச் சேலையின் அழகு கெடாமல், அதையே வெட்டித் தைத்து, மடிப்புகள் அரைமண்டியில் விசிறியாக விரியும்படி அமைந்த உடை உருவானது.

இன்று நம் பல்கலைக்கழகக் கலை இரவுகளில் மாணவியர் அணியும் நாட்டிய உடையை நினைத்துப் பாருங்கள். கால்பகுதி, விசிறி, இடுப்புப் பகுதி, தாவணி எனத் துண்டு துண்டாகத் தைக்கப்பட்டு, கொக்கி மாட்டிப் பத்து நிமிடத்தில் அணிந்துவிடக்கூடிய உடை அது. ஏதோ ஆயிரம் ஆண்டுகளாக மாறாமல் வந்த உடை என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால், அந்தத் தைத்த உடையின் வரலாறு 1930களிலிருந்தே தொடங்குகிறது. சிற்பத்தைப் பார்த்து, தையல் ஊசியால் எழுதப்பட்ட ஒரு புதிய மரபு அது.

உடையோடு மேடையும் மாறியது. ஆடுபவரின் பின்னாலேயே நகர்ந்து வாசித்த இசைக்கலைஞர்கள், மேடையின் ஒரு பக்கத்தில் அமர்ந்தனர். மேடையில் நடராசர் சிலை இடம்பெற்றது. பின்திரையும் விளக்குகளும் எளிமையாகவும் அளவாகவும் அமைக்கப்பட்டன. எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை நீக்குவது என்பதில்தான் அவருடைய தனித்தன்மை இருந்தது. மினுமினுப்பு குறைந்தது, நிறங்களின் எதிரெதிர் அழகு கூடியது.

தறிகள் ஒலித்த கலைப்பள்ளி

1936ஆம் ஆண்டு சனவரியில் அருண்டேல் தம்பதியர் அடையாறில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினர். அதுவே பின்னர்க் கலாக்ஷேத்ரா என்று பெயர் பெற்றது. அடுத்த ஆண்டே, அதாவது 1937இல், அங்கே ஒரு நெசவுப் பிரிவு தொடங்கப்பட்டது. நடனப்பள்ளிக்குத் தறி எதற்கு என்ற கேள்வி எழலாம். நாட்டிய உடைக்கு ஏற்ற சேலைகள் கடையில் கிடைக்கவில்லை என்பதே விடை.

அக்காலச் சூழலைச் சற்று அறிந்துகொள்வோம். 1856ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் பெர்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். 1897ஆம் ஆண்டு ஜெர்மனியில் செயற்கை அவுரி நீலம் விற்பனைக்கு வந்தது. சில பத்தாண்டுகளில் இந்தியக் கைத்தறியின் இயற்கைச் சாயங்கள் பல பின்தள்ளப்பட்டன. 1930களில் வசதி படைத்த பெண்களிடையே ஐரோப்பாவிலிருந்து வந்த ஷிஃபான், ஜார்ஜெட் துணிகள் நாகரிகமாயின. பழைய வகைக் கனத்த பட்டும் அகன்ற கரையும் பாட்டிமார்களின் பெட்டிகளுக்குள் போய்ச் சேர்ந்தன.

அம்மையார் அந்தப் பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். பழைய சேலைகளைத் தேடிப் பார்த்தார். அவற்றின் கரைகளையும் கட்டங்களையும் நிறச் சேர்க்கைகளையும் முன்மாதிரியாகக் கொண்டு, காஞ்சிபுரம் மரபில் வந்த நெசவாளர்களைக் கொண்டு மீண்டும் நெய்வித்தார். பழையதை அப்படியே படியெடுக்கவில்லை. கரையை அகலப்படுத்துவதும், சரிகையைக் குறைப்பதும், எந்த உடல் நிறத்திற்கு எந்தக் கரை நிறம் என்று தீர்மானிப்பதும் அவருடைய வேலையாக இருந்தன. கோபுரம், உருத்திராட்சம், மயில்கண், மல்லிமொட்டு போன்ற பழைய வடிவங்கள் மீண்டும் துணியில் பூத்தன. அரக்கு நிறத்திற்குப் பச்சைக் கரை, மாம்பழ மஞ்சளுக்குச் சிவப்புக் கரை என்று கண்ணைப் பறிக்கும் சேர்க்கைகள், மினுக்காமலேயே எடுப்பாகத் தெரிந்தன.

கோர்வை என்னும் நுட்பம்

இந்தச் சேலைகளின் அருமையை உணர, நெசவு நுட்பம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சேலையின் உடல் சிவப்பு, கரை பச்சை என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நெசவில் ஒரே நாடா இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஓடும். அப்போது சிவப்பு ஊடை நூல் பச்சைக் கரைக்குள்ளும் நுழைந்து இரண்டு நிறமும் கலங்கிவிடும். இதைத் தவிர்க்கக் காஞ்சிபுரம் நெசவாளர்கள் மூன்று நாடாக்களைப் பயன்படுத்துகிறார்கள். உடலுக்கு ஒன்று, இருபக்கக் கரைகளுக்கு ஒவ்வொன்று. உடலின் நூலும் கரையின் நூலும் சந்திக்கும் இடத்தில், ஒவ்வொரு வரியிலும் ஒன்றோடொன்று கொக்கிபோல் மாட்டப்படுகின்றன. இதற்குக் கோர்வை என்று பெயர். தறியில் நெசவாளருடன் பக்கத்தில் துணையாள் ஒருவரும் அமர வேண்டும். கரையிலிருந்து உடலுக்குள் ஏறும் அந்தக் கோபுரக் கூர்கள், இந்த இணைப்பிலேயே உருவாகின்றன.

முந்தானை வேறு நிறமாக இருந்தால் இன்னொரு பாடு. உடலின் பாவு நூல்கள் முடியும் இடத்தில், புதிய நிறப் பாவு நூல்களை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். இதைப் பெட்னி என்பர். இப்படிப் பல நாள்கள் உழைத்துத்தான் ஒரு சேலை தறியிலிருந்து இறங்குகிறது. விசைத்தறி பெருகிய காலத்தில் இத்தகைய உழைப்புக்குச் சந்தையில் இடம் கிடைப்பது அரிது. அதை விரும்பி வாங்கும் சுவையை மக்களிடம் வளர்த்தால் மட்டுமே அந்தத் தறி ஓடும். ருக்மிணி தேவி செய்தது அதுதான். மேடையில் நடனமணிகள் அந்தச் சேலைகளை உடுத்தினர். பார்வையாளர்கள் அதுபோல் ஒன்று வேண்டுமென்றனர். இன்றைய மொழியில் சொன்னால், மேடையே அவருடைய விளம்பரமாக இருந்தது.

பெயர் பொறிக்காத முத்திரை

ஷனேலும், 1947ஆம் ஆண்டு பாரிசில் தம் முதல் தொகுப்பை வெளியிட்ட கிறிஸ்டியன் டியோரும் தங்கள் பெயரையே முத்திரையாக்கினர். ருக்மிணி தேவி அவ்வாறு செய்யவில்லை. அவர் வடிவமைத்த சேலைகள் கலாக்ஷேத்ரா சேலைகள் என்றே வழங்கலாயின. காலப்போக்கில் அப்பெயர் அந்த வளாகத்தையும் தாண்டிச் சென்றது. எங்கோ நெய்யப்பட்ட சேலையானாலும், அகன்ற கரையும் எதிர்நிறமும் கோபுர வடிவமும் இருந்தால் கலாக்ஷேத்ரா பாணி என்று வணிகர்கள் அழைக்கத் தொடங்கினர். ஒரு வடிவமைப்பாளரின் வெற்றிக்கு இதைவிடப் பெரிய சான்று இருக்க முடியாது. ஆனால், பெயர் பொதுவானபோது அவர் மறக்கப்பட்டார். சேலை நினைவில் நின்றது. அதன் நிறத்தைத் தேர்ந்த கை நினைவில் நிற்கவில்லை. தறியில் அமர்ந்த நெசவாளர்களின் பெயர்கள் அதைவிடவும் பின்னால் போயின.

1944ஆம் ஆண்டு குற்றாலக் குறவஞ்சி நடன நாடகம் கலாக்ஷேத்ராவில் அரங்கேறியது. அதைத் தொடர்ந்து பல நடன நாடகங்கள் உருவாயின. அவற்றுள் 1955ஆம் ஆண்டு தொடங்கி 1970ஆம் ஆண்டு வரை, ஆறு பகுதிகளாக அமைந்த இராமாயணத் தொடர் தலையாயது. இவற்றின் நடன அமைப்போடு உடையமைப்பையும் அம்மையாரே கவனித்துக்கொண்டார். தனி ஒருவர் ஆடும் ஆட்டத்திற்கு ஓர் உடை போதும். அரசி, முனிவர், வேடுவச்சி, குறத்தி என்று பலர் வரும் நாடகத்திற்கு, ஒவ்வொருவரையும் பார்த்தவுடன் இன்னார் என்று அறியும்படி நிறமும் கட்டும் வேறுபட வேண்டும். அதே சமயம் எல்லாரும் சேர்ந்து நிற்கும்போது மேடை கண்ணுக்கு உறுத்தக் கூடாது. உள்ளேயே தறி இருந்ததால், தேவையான நிறத்தைக் கேட்டு நெய்ய முடிந்தது.

இடையில் சோதனைகளும் வந்தன. 1945ஆம் ஆண்டு கணவர் அருண்டேல் காலமானார். கலாக்ஷேத்ரா, பிரம்மஞான சபையின் இடத்தை விட்டு வெளியேற வேண்டிய நிலை ஏற்பட்டது. சென்னையின் தென்கோடியில், அன்று மணல்வெளியாகக் கிடந்த திருவான்மியூரில் ஏறத்தாழ 100 ஏக்கர் நிலம் பெற்று, மரங்களை நட்டு, கூரைக் குடில்களை அமைத்து, 1962ஆம் ஆண்டில் பள்ளி அங்கே குடிபுகுந்தது. 58 வயதில் மீண்டும் ஒரு தொடக்கம்!

நாடாளுமன்றத்தில் ஒரு குரல்

1952ஆம் ஆண்டு ருக்மிணி தேவி இந்திய மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். பத்தாண்டுகள் அங்கே பணியாற்றினார். விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் சட்டம் வேண்டுமென்று அவர் எடுத்த முயற்சியின் பயனாக, 1960ஆம் ஆண்டு அச்சட்டம் நிறைவேறியது. 1962ஆம் ஆண்டு அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. 1956ஆம் ஆண்டு பத்மபூஷண் விருது பெற்றார். 1977ஆம் ஆண்டு பிரதமர் மொரார்ஜி தேசாய், இந்தியக் குடியரசுத் தலைவர் பதவிக்கு அவரை முன்மொழிய விரும்பினார். அம்மையார் அதை ஏற்கவில்லை.

இங்கே ஒரு முரண் நம் கண்ணில் படுகிறது. பட்டு நூல் என்பது, கூட்டுக்குள் இருக்கும் புழுவைக் கொதிநீரில் இட்டு எடுக்கப்படுவது. விலங்குகளுக்காக வாதாடிய அதே கைகள் பட்டுத் தறியையும் வளர்த்தன. பெரியவர்களின் வாழ்க்கையை முழுமையாகப் பார்க்க விரும்பினால், இத்தகைய இடங்களையும் தாண்டிப் போய்விடக் கூடாது.

நாணயத்தின் மறுபக்கம்

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் உண்டு. ருக்மிணி தேவி சதிரைத் தூய்மைப்படுத்தினார் என்று பாராட்டுவது வழக்கம். தூய்மை என்ற சொல்லே, அதற்கு முன்பு அக்கலையைக் காத்தவர்கள் தூய்மையற்றவர்கள் என்று சொல்லாமல் சொல்கிறது. இசைவேளாளர் மரபில் வந்த மாபெரும் நடனக் கலைஞர் பாலசரஸ்வதி, இந்த மாற்றங்களை ஏற்கவில்லை. சிருங்காரம் நடனத்தின் உயிர், அதில் அழுக்கு ஏதுமில்லை என்பது அவருடைய நிலைப்பாடு. 1947ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது. கொடுமை ஒழிந்தது நல்லதே. ஆனால், மேடை மேல்சாதிப் பெண்களுக்குத் திறந்துகொண்ட அதே ஆண்டுகளில், அந்த மரபில் பிறந்த பெண்கள் பலர் மேடையிலிருந்து விலக நேர்ந்தது.

உடையும் இந்த மாற்றத்தில் பங்கு கொண்டது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். புதிய உடை, பார்ப்பவருக்குக் கோயிற்சிற்பத்தை நினைவூட்டியது. அந்தக் கோயில்களில் ஆடிய பெண்களை நினைவூட்டவில்லை. ஓர் ஆடையால் ஒரு கலைக்கு மரியாதை தேடித் தரவும் முடியும். அந்தக் கலையின் உரிமையாளர்களைக் கண்ணிலிருந்து மறைக்கவும் முடியும். ருக்மிணி தேவியின் உடை இரண்டையும் செய்தது. கௌரி அம்மாளும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் இல்லாமல் அவர் நடனம் இல்லை. காஞ்சிபுரத்து நெசவாளர்கள் இல்லாமல் அவர் சேலை இல்லை. அவரைப் போற்றும்போது இவர்களையும் சேர்த்துப் போற்றுவதே முறையாகும்.

கடுக்காயும் அவுரியும்

முதுமையிலும் அவர் துணியை விடவில்லை. 1970களின் பிற்பகுதியில், கைவினைக் கலைகளின் காவலராக விளங்கிய கமலாதேவி சட்டோபாத்தியாயின் ஊக்கத்தோடு, கலாக்ஷேத்ராவில் இயற்கைச் சாயத்திற்கும் கலம்காரிக்கும் ஒரு பிரிவு உருவானது. கலம்காரி என்பது மூங்கில் எழுதுகோலால் துணியில் வரையும் கலை. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவர். இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்துக் கறுப்பு எடுப்பர். படிகாரம் தடவிய இடத்தில் வேர்ச்சாயம் சிவப்பாகப் பிடிக்கும். அவுரி நீலம் தரும். செயற்கைச் சாயத்தால் பின்தள்ளப்பட்ட அறிவு ஒன்று, இவ்வாறு மறுபடியும் கைகளுக்கு வந்து சேர்ந்தது.

1986ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் ருக்மிணி தேவி சென்னையில் காலமானார். தம் 82ஆம் வயது நிறைவதற்குச் சில நாள்களே இருந்தன. 1993ஆம் ஆண்டு இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்வழி, கலாக்ஷேத்ரா தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. அவர் தொடங்கிய தறிகள் அவருக்குப் பின்னும் ஓடின.

நமக்கும் அவருக்கும் உள்ள உறவு

கடல் கடந்து வாழும் நமக்கும் இந்த வரலாற்றுக்கும் என்ன தொடர்பு? தொடர்பு உண்டு. கலாக்ஷேத்ராவில் பயின்ற அடையாறு கே. லட்சுமணனிடம் பரதம் கற்றவர் நம் நாட்டின் ரம்லி இப்ராகிம். அவர் 1983ஆம் ஆண்டு கோலாலம்பூரில் சூத்ரா நடன அரங்கத்தை நிறுவினார். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1981இல், நுண்கலைக் கோயில் நம் நாட்டில் தொடங்கப்பட்டது. அதன் கோலாலம்பூர் நிலையம் பிரிக்பீல்ட்ஸில் அமைந்துள்ளது. வெவ்வேறு குருமார்கள், வெவ்வேறு பாணிகள். ஆனால் பரதம் ஆட மேடையேறும் பிள்ளைகள் அணியும் தைத்த உடையின் வேர், அடையாறில் இருக்கிறது.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் தலைமுறைப் பெண்கள் பலர், வீட்டு வரவேற்பறையிலேயே தையல் இயந்திரம் போட்டு, சொந்தப் பெயரில் இரவிக்கையும் சேலையும் விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். மனம் மகிழ்கிறது. அவர்களுக்கு அம்மையாரின் வாழ்க்கை ஒரு பாடம். அவர் முத்திரையை முதலில் தேடவில்லை, துணியைத் தேடினார். பாட்டியின் பெட்டியில் இருந்ததைப் படித்தார். நூல் எங்கே சேர்கிறது என்பதைத் தறியருகே நின்று தெரிந்துகொண்டார். பெயர் தானே வந்தது. அவர் விட்டுச்சென்ற குறையும் ஒரு பாடமே. நம் முத்திரைக்குப் பின்னால் யாருடைய உழைப்பு இருக்கிறதோ, அவர்களின் பெயரையும் சொல்லக் கற்றுக்கொள்வோம்.

அடுத்த முறை தீபாவளிக்கோ பட்டமளிப்பு விழாவிற்கோ சேலை எடுக்கச் செல்லும்போது, கடைக்காரர் கலாக்ஷேத்ரா கரை என்று சொன்னால், சேலையைப் புரட்டி உட்புறத்தைப் பாருங்கள். கரையும் உடலும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். கையால் கோர்த்த நெசவாக இருந்தால், அங்கே ஒரு மெல்லிய மேடு விரலில் தட்டுப்படும். ஒரு நெசவாளரும் அவருடைய துணையாளும் வரிக்கு வரி இணைத்த இடம் அது. அந்த மேட்டுக்கு ஒரு காலத்தில் மீண்டும் மதிப்புத் தேடித் தந்தவர், ருக்மிணி தேவி என்னும் மதுரைப் பெண்.